உடைந்த வால் அல்ல: இக்தியோசார் எலும்பை வாசிக்கும் விதம்

1838-இல் இங்கிலாந்தின் உடற்கூறியல் அறிஞர் ரிச்சர்ட் ஓவன் ஒரு விசித்திரத்தைக் கவனித்து எழுதினார். பாறையில் கிடைத்த இக்தியோசார் எலும்புக்கூடுகளில் பலவற்றுக்கு வால் உடைந்தாற்போல இருந்தது. அதில் மட்டும் வியக்க ஒன்றும் இல்லை. செத்த உடல் கடலடிச் சேற்றில் விழுகிறது, மேலே அடுக்கடுக்காக மண் சேர்ந்து பாறையாக இறுகுகிறது. அத்தனை பாரத்தில் எலும்பு உடையாமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் இங்கே உடைவு ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருந்தது. முதுகெலும்பு நேராக வந்து, வாலின் கடைசிப் பகுதியில் சட்டென்று மடங்கியிருந்தது. பத்து வீட்டில் பத்துப் பானை உடைந்தால் பத்தும் ஒரே இடத்திலா உடையும்?

வால் நுனியில் எலும்பே இல்லாத தசைத் துடுப்பு ஒன்று இருந்திருக்க வேண்டும், செத்த பிறகு அதன் கனம் இழுத்து வால் எலும்பை இடம்பெயர்த்திருக்கும் என்பது ஓவனின் யூகம். பாதி சரி. துடுப்பு இருந்தது உண்மை. ஆனால் எலும்பு இடம்பெயரவில்லை. அந்த விலங்கு உயிரோடு நீந்தியபோதே அதன் வால் எலும்பு அப்படித்தான் கீழ்நோக்கி வளைந்திருந்தது. இதை உறுதியாகத் தெரிந்துகொள்ள இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

அந்த ஒரு வளைவைப் புரிந்துகொண்டால், கடலுக்குத் திரும்பிப்போன ஊர்வனவற்றின் கதையில் பெரும்பங்கு புரிந்துவிடும் என்பது என் எண்ணம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அதற்கு முன் இக்தியோசார் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

யார் இவை?

இக்தியோசார் என்ற கிரேக்கப் பெயரை அப்படியே பிரித்தால் 'மீன்பல்லி' என்று வரும். வெளித்தோற்றத்தில் டால்ஃபினைப் போல இருக்கும்: நீண்ட மூக்கு, வழுவழுப்பான உடல், முதுகில் முக்கோணத் துடுப்பு, பிறைநிலா வடிவ வால். ஆனால் டால்ஃபின் பாலூட்டி, இது ஊர்வன இனம். நுரையீரலால் மூச்சுவிட்டது. செவுள் கிடையாது. காற்றுக்காகத் தண்ணீர்ப் பரப்புக்கு ஏறி வந்தே ஆகவேண்டும்.

டைனோசர் என்று பலரும் இதைச் சொல்லிவிடுகிறார்கள். குழந்தைகளின் பொம்மைப் பெட்டியில் டைனோசர்களோடு சேர்த்துப் போட்டு விற்பதால் வந்த குழப்பம் அது. காலம் ஒன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் நெருங்கிய உறவு இல்லை. இக்தியோசார்கள் சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் முழுவதும் அழிந்துபோயின. டைனோசர்களை அழித்த விண்கல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்தபோது கடலில் ஓர் இக்தியோசார்கூட இல்லை. அவற்றின் சாவுக்கு அந்த விண்கல் மேல் பழி போட முடியாது.

இவற்றின் முன்னோர்கள் நான்கு காலில் நிலத்தில் நடந்த ஊர்வன. மீன் கரையேறிக் கால் முளைத்ததுதான் எல்லாருக்கும் தெரிந்த கதை. கால் முளைத்த பிறகு, அந்தக் காலோடேயே சில வம்சங்கள் மறுபடி கடலுக்குள் இறங்கின. திமிங்கிலமும் கடலாமையும் அப்படி இறங்கியவைதான்.

லைம் ரீஜிஸ் கடற்கரை

இந்த விலங்கை உலகத்தின் கண்ணுக்குக் கொண்டுவந்தது ஓர் ஏழைத் தச்சர் குடும்பம். இங்கிலாந்தின் தென்கரையில் டார்செட் பகுதியில் லைம் ரீஜிஸ் என்ற சிறு ஊர். அலைகள் அரித்து அரித்து அங்கே பாறைச் சரிவுகள் இடிந்து விழும். விழும்போது உள்ளிருக்கும் கல்லாகிய உயிர்கள் வெளியே வரும். ரிச்சர்ட் ஆனிங் என்ற தச்சர் அவற்றைப் பொறுக்கி, ஊருக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்கு விற்றுக் கூடுதலாகச் சில காசு பார்த்தார். 1810-இல் அவர் கடனை விட்டுவிட்டு இறந்துபோக, பிள்ளைகள் அதே தொழிலைப் பற்றிக்கொண்டார்கள்.

1811-இல் மகன் ஜோசஃப் ஒரு மீட்டருக்கு மேல் நீளமான மண்டையோட்டைக் கண்டான். முதலை என்று நினைத்தார்கள். அடுத்த ஆண்டு தங்கை மேரி ஆனிங் மீதி உடலைக் கண்டுபிடித்தாள்; மொத்தம் ஐந்து மீட்டருக்கு மேல். அப்போது மேரிக்கு வயது 12 அல்லது 13. அது 23 பவுண்டுக்கு விலைபோனது. அந்த மண்டையோடு இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மேரி பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. ஆனால் அறிஞர்கள் எழுதிய கட்டுரைகளைக் கையால் படியெடுத்துப் படித்தார், மீனையும் கணவாயையும் தாமே அறுத்துப் பார்த்து உடற்கூறு கற்றார். இக்தியோசாரின் வயிற்றுப் பகுதியில் கிடைத்த உருண்டைக் கற்களை உடைத்துப் பார்த்து, உள்ளே மீன் எலும்பும் செதிலும் இருப்பதைக் கவனித்தார். கல்லாகிப்போன மலம் அது! 1829-இல் புவியியல் அறிஞர் வில்லியம் பக்லண்ட் அதை உலகத்துக்கு அறிவித்தார். மேரி தோண்டிக் கொடுத்த எலும்புகளை வைத்துக் கட்டுரை எழுதியவர்கள் எல்லாரும் ஆண்கள். பெரும்பாலான கட்டுரைகளில் அவர் பெயர்கூட வரவில்லை. லண்டன் புவியியல் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1919-இல். மேரி இறந்தது 1847-இல். இன்று நமக்கு இக்தியோசாரைப் பற்றித் தெரிந்ததன் அடித்தளம் அந்தப் பெண்ணின் கையில் இருந்த சுத்தியல் என்று எழுதுவதில் எனக்குத் தயக்கமே இல்லை.

தோல் பேசியது

மறுபடி வாலுக்கு வருவோம். 1854-இல் லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் அழிந்துபோன விலங்குகளின் சிலைகளை அவற்றின் முழு அளவிலேயே செய்து வைத்தார்கள். இக்தியோசார்களும் அங்கே உண்டு. இன்று போனாலும் பார்க்கலாம். முதுகில் துடுப்பு இல்லை, பிறைநிலா வாலும் இல்லை. சீல் போல உடலைப் பாதி கரையில் போட்டுக்கொண்டு கிடக்கின்றன. அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முதுகுத் துடுப்பிலும் வாலின் மேல் பாதியிலும் எலும்பு கிடையாது. எலும்பை மட்டும் வைத்துச் சிலை வடித்தால் அவை எப்படி வரும்?

விடை ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்மாடன் என்ற ஊரின் கல்குவாரிகளில் கிடந்தது. அங்குள்ள கரிய களிப்பாறை சுமார் 18 கோடி ஆண்டுகள் பழையது. அந்தக் காலத்துக் கடலடியில் ஆக்சிஜன் மிகவும் குறைவு. செத்து விழுந்த உடலைத் தின்ன நண்டோ புழுவோ அங்கே பிழைத்திருக்க முடியாது. அதனால் உடல் கலையாமல் மெல்லிய சேற்றில் புதைந்தது. தோலும் தசையும்கூடக் கரிய படலமாகப் பதிந்தன. 1890-களில் பெர்ன்ஹார்ட் ஹாஃப் என்பவர் அந்தக் கல்லை ஊசிமுனையால் பொறுமையாகக் கீறி எடுத்தபோது, எலும்பைச் சுற்றி நிழல் விழுந்தாற்போல உடலின் வெளிக்கோடு முழுதாகத் தெரிந்தது. முதுகில் முக்கோணத் துடுப்பு. வால் இரண்டு கிளை. முதுகெலும்பு கீழ்க்கிளைக்குள் வளைந்து இறங்குகிறது. மேல்கிளை எலும்பே இல்லாத வெறும் சதை.

வளைவு இருக்கும் இடத்து முள்ளெலும்புகளை, அதாவது முதுகெலும்புக் கோவையின் தனித்தனி எலும்புகளை, எடுத்துப் பார்த்தால் இன்னொரு சாட்சி கிடைக்கும். மற்ற இடங்களில் அவை கேரம் காயைப் போல வட்டமாக, இரண்டு பக்கமும் குழிந்து, சீரான தடிமனில் இருக்கும். வளைவில் மட்டும் ஆப்பு வடிவம்: மேல் விளிம்பு தடித்து, கீழ் விளிம்பு மெலிந்திருக்கும். வாசலுக்கு மேல் வளைவு கட்டும் கொத்தனார் ஒரு பக்கம் மெலிந்த கல்லைத் தேடி வைப்பார் அல்லவா, அதே உத்தி. விபத்தில் உடைந்த வாலில் எலும்பின் வடிவமே மாறியிருக்காது.

சுறாவின் வாலை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் பிறைதான். ஆனால் சுறாவின் முதுகெலும்பு மேல்கிளைக்குள் ஏறுகிறது. இக்தியோசாரில் கீழ்க்கிளைக்குள் இறங்குகிறது. வடிவம் ஒன்று, கட்டிய விதம் நேர்தலைகீழ்.

சுவரில் ஓடும் பல்லி

டால்ஃபினின் வால் தண்ணீரில் படுக்கையாக இருக்கும். மேலும் கீழும் அடித்து நீந்தும். சுறாவின் வால் நெட்டுக்குத்தாக நிற்கும். இடமும் வலமும் அடிக்கும். இக்தியோசாரின் வாலும் நெட்டுக்குத்துதான். டால்ஃபினும் இக்தியோசாரும் இரண்டுமே நிலத்திலிருந்து வந்தவை என்றால், வால் மட்டும் ஏன் வேறு வேறு?

இதற்கு விடை உங்கள் வீட்டுச் சுவரில் ஓடுகிறது. விளக்கடியில் பூச்சி பிடிக்கும் பல்லி விரைந்து ஓடும்போது மேலிருந்து கவனித்துப் பாருங்கள். உடல் இடமும் வலமும் நெளியும், ஆற்றில் நீர் நெளிவதைப் போல. ஓணானும் அப்படித்தான், உடும்பும் அப்படித்தான். இப்போது தெருநாய் நாலுகால் பாய்ச்சலில் ஓடுவதைப் பாருங்கள். முதுகு வில் போல மேலே வளைந்து, பிறகு விரிந்து நீளும். பக்கவாட்டில் நெளியாது. கால்கள் உடலுக்கு நேர் கீழே இருப்பதால் பாலூட்டிகளின் முதுகு மேலும் கீழும் வளையப் பழகியது.

கடலுக்குள் இறங்கிய வம்சங்கள் தங்கள் முதுகின் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோயின. நாலுகால் பாலூட்டியின் வழிவந்த திமிங்கிலம் மேலும் கீழும் அடித்தது. பல்லியைப் போல் நெளிந்த முன்னோரின் வழிவந்த இக்தியோசார் இடமும் வலமும் அடித்தது. தண்ணீர் இருவருக்கும் ஒரே உருவத்தைத்தான் கேட்டது. எந்தத் திசையில் அசைவது என்பதை வம்சம் முடிவுசெய்தது.

உறவே இல்லாத உயிர்கள் ஒரே வாழ்க்கையை வாழும்போது ஒரே வடிவத்துக்கு வந்து சேர்வதைக் குவி பரிணாமம் என்கிறார்கள். நீரைக் கிழித்து வேகமாகப் போக வேண்டுமென்றால் சில வடிவங்கள்தான் உதவும். மீன் சந்தையில் முழுச் சூரை மீனைக் கையில் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது விரல்நுனியிலேயே தெரியும்: நடுவில் பருத்த உடல், வால் தொடங்கும் இடத்தில் இரண்டு விரலால் பிடிக்கும் அளவுக்கு ஒடுங்கிய காம்பு, அதன் முனையில் பிறை. உடலை நெளிக்காமல் வாலை மட்டும் வீசி நெடுந்தூரம் போகும் கட்டமைப்பு அது. ஜுராசிக் காலத்து இக்தியோசார்களும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தன.

சோளக்கதிர் போல ஒரு கை

முன்துடுப்பின் எலும்புகளை முதல் முறை படத்தில் பார்த்தபோது எனக்குச் சோளக்கதிர்தான் நினைவுக்கு வந்தது. வட்டமும் பலகோணமுமான சிறு எலும்புகள், இடைவெளியே இல்லாமல், வரிசை வரிசையாக நெருக்கியடித்து நிற்கும். தோளிலிருந்து பார்த்துக்கொண்டே வாருங்கள். மேற்கை எலும்பு ஒன்று, குட்டையாக, தடியாக. அடுத்து முன்கையின் இரண்டு எலும்புகள். நம் கையில் அவை நீளமானவை. இங்கே ஓட்டுத்துண்டைப் போல் சுருங்கிவிட்டன. அடுத்து மணிக்கட்டு, பிறகு விரல்கள். நம் கையில் உள்ள அதே வரிசை. எந்த மீனின் துடுப்பிலும் இது இருக்காது.

நம் விரல் ஒவ்வொன்றிலும் மூன்று எலும்பு, கட்டைவிரலில் இரண்டு. இக்தியோசாரின் ஒரு விரலில் இருபதுக்கு மேல்கூட இருக்கலாம். திமிங்கிலத்துக்கும் விரலில் எலும்புகள் கூடியது உண்டு. ஆனால் இக்தியோசார்களில் சில வகைகள் ஐந்து விரல் என்ற கணக்கையே மீறி எட்டு, ஒன்பது வரிசைகள் வரை போயின. கையை ஆட்ட முழங்கை மடிப்பு தேவையில்லை. உறுதியான, விளிம்பில் மட்டும் சற்று வளைந்துகொடுக்கும் ஒரு பலகை போதும். அதைக் கையின் எலும்புகளைக் கொண்டே கட்டிக்கொண்டன.

பின்காலும் மறையவில்லை. சிறு துடுப்பாகக் கடைசிவரை இருந்தது. ஆனால் இடுப்பெலும்பு முதுகெலும்போடு இணையாமல் சதைக்குள் மிதந்தது. உடலின் எடையைத் தாங்கி நடக்க வேண்டிய அவசியம் போனதும் அந்த இணைப்பும் போயிற்று.

கால்பந்து அளவு கண்

டெம்னோடான்டோசாரஸ் என்ற பெரிய இக்தியோசாரின் கண் சுமார் 25 சென்டிமீட்டர் குறுக்களவு. கால்பந்தைவிடச் சற்றுப் பெரிது. நான்கு மீட்டர் உடல் கொண்ட ஆஃப்தால்மோசாரஸின் கண்ணே 22 சென்டிமீட்டரைத் தொட்டது. அழிந்துபோன விலங்கின் கண்ணை எப்படி அளந்தார்கள்? கண்விழிக்குள் எலும்புத் தகடுகளால் ஆன ஒரு வளையம் இருக்கிறது. பூவிதழ்களை வட்டமாக அடுக்கியதுபோல. அது கல்லில் நன்றாகவே பதிந்திருக்கும். பல்லிக்கும் பறவைக்கும் இன்றும் இந்த வளையம் உண்டு, பாலூட்டிகளுக்குக் கிடையாது. டால்ஃபின் முகமூடிக்குள் இருப்பது ஊர்வனதான் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. (கிரிஸ்டல் பேலஸ் சிலையில் சிற்பி இந்த வளையத்தைக் கண்ணுக்கு வெளியிலேயே தெரியும்படி செதுக்கிவிட்டார்.)

அவ்வளவு பெரிய கண் எதற்கு? வெளிச்சம் குறைந்த இடத்தில் பார்ப்பதற்கு. பகலில் ஆழத்துக்கு மூழ்கி இரை தேடியிருக்கலாம், அல்லது இருட்டிய பிறகு வேட்டையாடியிருக்கலாம். என்ன தின்றது என்பது வயிற்றிலேயே இருக்கிறது: பெலம்நைட் என்ற, கணவாயின் உறவுள்ள உயிரின் கைகளில் இருந்த சின்னஞ்சிறு கொக்கிகள். ஒரே வயிற்றில் அவை குவியலாகக் கிடைக்கின்றன. சீனாவில் கிடைத்த ஐந்து மீட்டர் இக்தியோசார் ஒன்றின் வயிற்றில் நான்கு மீட்டர் நீளமிருந்த வேறொரு கடல் ஊர்வனவின் உடற்பகுதி இருந்ததாக 2020-இல் அறிவித்தார்கள். எல்லா இக்தியோசாரும் கணவாய் தின்று திருப்தியடையவில்லை.

கரைக்கு வராத தாய்

ஊர்வனவற்றின் முட்டை காற்றில் மூச்சுவிடும் முட்டை. ஓட்டின் நுண்துளை வழியாக உள்ளிருக்கும் கரு ஆக்சிஜன் எடுக்கிறது. கடலில் இட்டால் கரு மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அதனால்தான் பங்குனி ஆமைகள் ஒவ்வோர் ஆண்டும் தை, மாசி இரவுகளில் சென்னைக் கரைக்கு வந்து, மணலில் குழி தோண்டி முட்டையிட்டுவிட்டுத் திரும்புகின்றன. வாழ்நாள் முழுவதும் கடலில் இருந்தாலும் தாய்மைக்கு அவற்றுக்குக் கரை வேண்டும். டால்ஃபின் உருவமும் பலகைபோன்ற கையும் கொண்ட இக்தியோசாரால் மணலில் ஏறி வந்திருக்கவே முடியாது.

ஹோல்ட்ஸ்மாடனில் கிடைத்த ஸ்டெனாப்டெரிஜியஸ் என்ற இக்தியோசார்களின் வயிற்றில் குட்டி எலும்புக்கூடுகள் இருந்தன. தன் குட்டியையே தின்ற விலங்கு என்று ஆரம்பத்தில் நினைத்தவர்கள் உண்டு. ஆனால் இரைப்பையில் கிடந்த எலும்பு என்றால் அமிலம் அரித்திருக்க வேண்டும். இவற்றில் அரிப்பு இல்லை. இடமும் இரைப்பைக்குப் பின்னால். கருப்பை அது. ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கல்லில், ஒரு குட்டி தாயின் உடலிலிருந்து வெளியே வந்த நிலையில் கிடக்கிறது. பேறுகாலத்திலேயே தாய் இறந்ததா, இறந்த பிறகு வயிற்றில் சேர்ந்த வாயு குட்டியை வெளியே தள்ளியதா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். எதுவானாலும் அந்தக் கல்லின் முன் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கத்தான் தோன்றும்.

நம் கடல்பாம்புகளில் பெரும்பாலானவையும் இன்று இதே வழியில்தான் குட்டி போடுகின்றன. வலையில் சிக்கும் கடல்பாம்பைப் பார்த்துப் பழகிய மீனவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

2014-இல் சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் சாவ்ஹு பகுதியிலிருந்து வந்த கண்டுபிடிப்பு இந்தக் கதையில் ஒரு முடிச்சைப் போட்டது. சுமார் 24.8 கோடி ஆண்டுகள் பழைய சாவ்ஹுசாரஸ் என்ற தொடக்ககால இக்தியோசார். ஒரு குட்டி வயிற்றுக்குள், ஒன்று இடுப்பு வழியாகப் பாதி வெளியே, ஒன்று ஏற்கெனவே வெளியே. பாதி வெளியே வந்திருந்த குட்டியின் தலை முன்னால் இருந்தது. பிற்காலத்து இக்தியோசார்களில் பெரும்பாலும் வால்தான் முன்னால் வரும். தலை முன்னால் வரும் பிறப்பு நிலத்து விலங்குகளின் வழக்கம். எனவே குட்டி போடும் பழக்கமே இவற்றின் முன்னோர்கள் நிலத்தில் இருந்தபோதே வந்துவிட்டது என்று ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். கடலில் தலை முதலில் வந்தால் குட்டி மூழ்கிச் சாகும் என்ற பழைய காரணத்தைப் பின்னால் வந்த ஆய்வுகள் கேள்வி கேட்டிருக்கின்றன. ஆனால் குட்டி போடும் குணம் மிகப் பழையது என்பதில் பிணக்கு இல்லை.

தொடக்கம் எப்படி இருந்தது?

பிறைநிலா வால் ஒரே நாளில் வரவில்லை. ஜப்பானில் கிடைத்த உடாட்சுசாரஸ் போன்ற தொடக்ககால இக்தியோசார்கள் ஒல்லியாக, நீளமாக இருந்தன. வால் ஏறத்தாழ நேர். டால்ஃபினைவிடப் பல்லியின் சாயல்தான் அதிகம். முழு உடலையும் நெளித்து விலாங்கைப் போல நீந்தியிருக்க வேண்டும். கரையோரத்தில் நெளிந்து நீந்தினால் சட்டென்று திரும்பலாம், பதுங்கலாம். நடுக்கடலில் நாள்கணக்கில் போவதற்கு அது தோதுப்படாது. ஆழக்கடலுக்குப் போகப்போக முள்ளெலும்புகள் கேரம் காய் போல் குட்டையாயின, உடல் விறைத்தது, அசைவு வாலில் ஒதுங்கியது, வால் வளைந்தது. பாறை அடுக்குகளில் கீழிருந்து மேலே வரும்போது இந்த மாற்றத்தைப் படிப்படியாகவே பார்க்கலாம்.

சாவ்ஹுவிலேயே 2014-இல் கார்டோரிங்கஸ் என்ற சிறு உறவினரையும் அறிவித்தார்கள். முழு நீளம் சுமார் 40 சென்டிமீட்டர். குட்டை மூக்கு, பெரிய வளையும் துடுப்புகள். கடலாமைக் குஞ்சு மணலில் உந்தி உந்திப் போவதைப் போல இதுவும் கரையில் நகர்ந்திருக்கலாம் என்கிறார்கள். நிலத்துக்கும் கடலுக்கும் நடுவில் நிற்கும் உருவம் இது.

இன்னொரு திருப்பம் 2023-இல் வந்தது. ஆர்க்டிக் பகுதியில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் சுமார் 25 கோடி ஆண்டுகள் பழைய பாறையிலிருந்து இக்தியோசாரின் வால் முள்ளெலும்புகள் பதினொன்று கிடைத்தன. உலகத்தின் மிகப்பெரிய உயிரழிவு நடந்து முடிந்து சுமார் இருபது லட்சம் ஆண்டுகளே ஆன காலம் அது. பழையது என்றால் கரையோரப் பிராணியின் சாயல் இருக்க வேண்டும். ஆனால் அந்த எலும்பின் உள்ளே பஞ்சு போன்ற அமைப்பு இருந்தது. முழுக்கக் கடலில் வாழ்வதற்குப் பழகிய, அளவிலும் பெரிய விலங்கு. அப்படியானால் இவை கடலில் இறங்கியது அந்தப் பேரழிவுக்கும் முன்னால் என்று கருத வேண்டியிருக்கிறது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் நெவாடாவில் கிடைத்த சிம்போஸ்பாண்டிலஸ் யங்கோரம், 24.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. மண்டையோடு மட்டும் ஏறத்தாழ இரண்டு மீட்டர். உடல் 17 மீட்டருக்கு மேல். இங்கிலாந்தின் சாமர்செட் கரையில் 2020-இல் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி தன் தந்தையோடு போனபோது கண்ட தாடையெலும்புத் துண்டுகள் 2024-இல் இக்தியோடைட்டன் என்று பெயர் பெற்றன. அதன் நீளம் சுமார் 25 மீட்டர் இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். நீலத் திமிங்கிலத்தோடு ஒப்பிடும் அளவு. மேரி ஆனிங்கின் வயதுக்காரி இரு நூற்றாண்டு கழித்து இன்னொரு கரையில் குனிந்து பார்த்திருக்கிறாள்.

மற்றவர்கள்

அந்தக் கடலில் வேறு ஊர்வனவும் இருந்தன. பிளீசியோசார்கள் வாலை நம்பவில்லை. நான்கு துடுப்புகளாலும் நீந்தின. 1823-இல் மேரி ஆனிங் முழு எலும்புக்கூட்டைக் கண்டபோது அதன் கழுத்து நீளத்தைப் பார்த்துப் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் கூவியே, இது மோசடியோ என்று சந்தேகப்பட்டு, பிறகு ஏற்றுக்கொண்டார். ஒட்டகச்சிவிங்கிக்கும் நமக்கும் கழுத்தில் ஏழே எலும்பு. எலாஸ்மோசாரஸுக்கு எழுபதுக்கு மேல்.

மோசசார்கள் கடைசியாக வந்தவை. இவை உடும்புக்கும் பாம்புக்கும் உறவினர். உண்மையிலேயே கடலுக்குப் போன பல்லி இவைதான். இவற்றின் வால் நேரானது என்றே வெகுகாலம் வரைந்தார்கள். ஜோர்டானில் கிடைத்த ஒன்றின் வாலில் மென்சதையின் தடம் இருந்ததாக 2013-இல் அறிவித்தார்கள்: எலும்பு கீழ்நோக்கி வளைகிறது, மேலே எலும்பில்லாத கிளை. கடலுக்குப் போன முதலை இனம் ஒன்றும் ஜுராசிக் காலத்தில் இதே வளைவைப் பெற்றது. ஓவன் பார்த்து வியந்த அந்த 'உடைவு' மூன்று வம்சங்களில் தனித்தனியாக மூன்று முறை நடந்திருக்கிறது.

காரைப் பாறைகளில்

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. குஜராத்தின் கச்சுப் பகுதியில் லோடாய் ஊருக்கு அருகில் ஐந்தரை மீட்டர் நீள இக்தியோசார் எலும்புக்கூடு ஒன்று, ஏறத்தாழ முழுமையாக, கிடைத்ததை 2017-இல் அறிவித்தார்கள். சுமார் 15 கோடி ஆண்டுகள் பழையது. இந்தியாவில் கிடைத்த முதல் ஜுராசிக் இக்தியோசார் அது.

ஆனால் நாட்டின் முதல் இக்தியோசார் செய்தி தமிழ்நாட்டிலிருந்துதான் போயிற்று. 1879-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ரிச்சர்ட் லைடெக்கர், அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஊட்டத்தூர்ப் பாறைத் தொகுதியில் கிடைத்த முள்ளெலும்புகளை விவரித்து, இக்தியோசாரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். முள்ளெலும்பை மட்டும் வைத்து ஓர் இனத்துக்குப் பெயரிடுவது இன்றைய அளவுகோலில் போதாது. ஆனால் அது இக்தியோசார்தான் என்பதில் தவறில்லை. பெரம்பலூர் மாவட்டத்தின் காரை ஊரைச் சுற்றியுள்ள, அதே தொகுதியைச் சேர்ந்த களிப்பாறையில் பின்னாளில் சுறாப் பற்களோடு இக்தியோசார் பற்களும் கிடைத்தன.

காரைக்குப் போனவர்களுக்கு அந்த இடம் தெரியும். மழை அரித்து ஓடைகளும் மேடுகளுமாகக் கிடக்கும் செம்மஞ்சள் களிமண் பூமி. வெயிலில் ஜிப்சம் படிகங்கள் மினுங்கும். குனிந்து நடந்தால் துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் வழவழப்பான கல் தட்டுப்படும். அதுதான் பெலம்நைட்டின் உள்ளோடு. கணவாய் ஓட்டைப் போல உடலுக்குள் இருந்த பகுதி. இக்தியோசாரின் வயிற்றில் கொக்கிகளாகக் கிடக்கிறதே, அதே பெலம்நைட். இரையும் வேட்டைக்காரனும் ஒரே சேற்றில் புதைந்த இடம் அது.

அந்தப் பாறை படிந்த காலம்தான் இக்தியோசார்களின் கடைசிக் காலமும். சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்கள் சூடேறின. ஆழத்தில் ஆக்சிஜன் குன்றியது. பெலம்நைட்டுகளும் பல கடல்களில் அருகின. அதற்கு முன்பே இக்தியோசார்களில் புதிய வகைகள் தோன்றும் வேகம் மந்தமாகிவிட்டது என்கிறது 2016-இல் வெளியான ஓர் ஆய்வு. மாறிக்கொண்டே இருந்த கடலுக்கு ஈடுகொடுக்கும் வகைகள் அவற்றிடம் மிஞ்சவில்லை. பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு மேல் கடலை ஆண்ட வம்சம் அங்கே நின்றுபோனது. ஊட்டத்தூர்த் தொகுதிக்கு மேலே திருச்சிப் பாறைகள், அதற்கும் மேலே அரியலூர்ப் பாறைகள் அடுக்கியிருக்கின்றன. அரியலூரின் சிமென்ட் ஆலைகளுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல் அந்த மேலடுக்குதான். சங்கும் சிப்பியும் சுறாப் பல்லும் அங்கே வரை வருகின்றன. கேரம் காய் போல இருபுறமும் குழிந்த அந்த முள்ளெலும்பு கீழே, காரையின் களிமண்ணோடு நின்றுவிடுகிறது.